இருபது சதவீதம் மிச்சம்

திங்கட்கிழமை, காலை 9:05.

ராகு காலம் முடிந்து சரியாக ஐந்து நிமிடம். பட்டர்வொர்த், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் மார்க் வேதநாயகத்தின் பட்டறைக்குள் ஒரு டீசல் பிக்கப் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. முகப்பில் சாமந்தி மாலை. நான்கு சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். பக்கத்தில் கைகூப்பியபடி ஸ்ரீகரன். பக்கத்து ஊரான பத்து காவானில் நாற்பது பிக்கப் வண்டிகளை வாடகைக்கு விடும் முதலாளி. டீசல் விலை ஏறிய நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. மார்க் இந்த ஒரு வண்டியில் ஒரு பல்சக்கரத்தை மாற்றி இருபது சதவீதம் டீசல் மிச்சம் பிடித்துக் காட்டியிருந்தான். மீதி முப்பத்தொன்பது வண்டிக்கும் அதையே வைப்பதாகப் பேச்சு.

ஒரே ஒரு தடை. ஸ்ரீகரனின் கூட்டாளி கொஞ்சம் விவரமானவர். "வெளியாள் சோதிச்சுச் சொல்லட்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பத்து காவானில் ஒரு கல்லூரிப் பட்டறையில் பத்தரை மணிக்குச் சோதனை.

மெக்கானிக் ஹைக்கல் ஏறி உட்கார்ந்தான். பிஸ்மில்லா சொல்லி வண்டியைக் கிளப்பினான். கியர் போட்டு கிளட்சை விட்டான்.

இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

மறுபடி போட்டான். உறுமல் கூடியது. எலுமிச்சம்பழம் நான்கும் இருந்த இடத்தில் சௌக்கியமாக இருந்தன.

ஹைக்கல் இறங்கி வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தான். வெளியே வந்து மார்க்கைப் பார்த்தான்.

"பாஸ்... டிஃப் இல்ல."

டிஃப் என்பது பின் அச்சின் நடுவே, இன்ஜினின் சுழற்சியை வாங்கிச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கட்டை. முப்பது கிலோவுக்கு மேல் எடை. அது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதில் வந்து சேர வேண்டிய நீளக் கம்பியைக் கயிற்றால் மேலே கட்டிவைத்திருந்தார்கள். மார்க் மாற்றிய பல்சக்கரமும் அதற்குள்தான்; மாயமான சரக்குத்தான் அந்த இருபது சதவீதம்.

மார்க் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

மதியத்துக்குள் போலீஸ் ஹைக்கலைக் கொண்டுபோனது. பட்டறைக்கு இரண்டே சாவி. ஒன்று மார்க்கிடம், மற்றது ஹைக்கலிடம். மார்க் சனிக்கிழமை மாலை 6:15க்குத் தங்கை பெவர்லியோடு ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போனவன், திங்கள் காலைதான் திரும்பினான். முந்நூறு பேர் சாட்சி. ஹைக்கலுக்கு ஞாயிறு முழுவதும் பட்டர்வொர்த்தில்தான் பொழுது. போதாததற்கு, அவன் வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தான். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் புது வேலை, வரும் வியாழக்கிழமை சேர வேண்டும். போகிற போக்கில் சுருட்டிவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். முடிவு கட்டுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை என்பது அதிலுள்ள சௌகரியம்.

செவ்வாய்க்கிழமை, காலை 10:00.

தாட்சாயினி தம்பு பட்டறை வாசலில் காரை நிறுத்தினாள். வயது நாற்பத்தாறு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் காணாமல் போனதையும் கவிழ்ந்ததையும் பார்த்து அறிக்கை எழுதுகிறவள். அப்பா கிளார்க், தாத்தா கிளார்க், யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததே பேனாவோடு என்கிற குடும்பத்தில் அவள் ஒருத்திதான் இயந்திரம் படித்தாள். இருபது வருடமாகப் பொய்களைப் படித்து வருவதில் மனித குலத்தின் மீது பெரிய மரியாதை எதுவும் மிஞ்சவில்லை. அதிலும் சதவீதம் பேசும் ஆண்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது.

மார்க் சதவீதத்திலேயே ஆரம்பித்தான்.

"மேடம், டுவென்டி பர்சன்ட். நான் சொல்லல, ரிசல்ட் சொல்லுது. முன்னாடி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். என் கியர் போட்ட பிறகு பன்னெண்டு. பம்ப் ரசீது இருக்கு, மீட்டர் போட்டோ இருக்கு. ஜெர்மன் சரக்கு மேடம்."

"எப்படி மிச்சம் வருது? சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

மார்க்கின் முகம் மலர்ந்தது. கேட்க ஆள் கிடைத்தால் போதும் அவனுக்கு.

"சிம்பிள். பழைய கியர்ல இன்ஜின் நிறையச் சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். என் கியர்ல கொஞ்சமா சுத்தினாலே போதும். இன்ஜின் ரிலாக்ஸா ஓடும், டீசல் மிச்சம். அவ்வளவுதான்லா."

அதில் பொய் எதுவும் இல்லை. சரியாகச் செய்தால் மிச்சம் வரத்தான் செய்யும். இந்த மாதிரி வண்டிக்கு நான்கு சதவீதம், ரொம்ப யோக்கியமாக ஓட்டினால் ஐந்து. நான்கு சதவீதத்துக்கு யார் வண்டிக்கு மாலை போடுவார்கள்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்ல மார்க் இருந்தான். கேட்டுத் தலையாட்ட ஸ்ரீகரன் இருந்தார்.

"மீட்டருக்குத் தூரம் எங்கேயிருந்து போகுது?"

"கியர் பாக்ஸ் வால்லேருந்து. பழைய மாடல்தானே."

"டிஃப்புக்கு முன்னாடியே?"

"முன்னாடியே." மார்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மேடம், திருட்டைப் பத்திக் கேளுங்களேன்."

"கேட்கிறேன். அதைக் கழட்ட எவ்வளவு நேரம்?"

"தெரிஞ்சவனுக்கு ஒன்றரை மணி. தெரியாதவன் நாள் பூரா முக்கினாலும் வராது. பின்சக்கரம் ரெண்டையும் கழட்டணும். பிரேக்கைக் கழட்டணும். உள்ளேயிருந்து அச்சுக் கம்பி ரெண்டையும் பக்கவாட்டுல இழுக்கணும். அப்பத்தான் டிஃப் அசையும். ஷார்ட்கட்டே கிடையாது. அதான் சொல்றேன், கை தேர்ந்தவன் வேலை. எங்கிட்ட அப்படிப்பட்டவன் ஒருத்தன்தான் இருந்தான்."

"கேமரா?"

"ரோசாக். வெள்ளிக்கிழமையிலேருந்து ஓடல."

கேமராக்கள் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் கெட்டுப்போகின்றன. தாட்சாயினி வண்டியைச் சுற்றி வந்தாள். சாமந்தி வாடித் தொங்கியது. பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஆறு நட்டு. ஒவ்வொரு நட்டையும் விளிம்பையும் சேர்த்து அப்பிய சந்தனம், அதன் நடுவே குங்குமம். சந்தனம் காய்ந்து தகடாக இறுகியிருந்தது. குனிந்து பார்த்தால் வைத்தவளின் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"யார் வெச்சது?"

"ஸ்ரீகரன் அண்ணே வைஃப், நிலானி அக்கா. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு. திங்கட்கிழமை காலையில ராகு காலமாம், அதனால முன்னாடியே பூஜை. ஒவ்வொரு நட்டா வெச்சுக்கிட்டு... அரை மணி நேரம் நின்னேன் மேடம். நாம மாதா கோயிலுக்குப் போற ஆளு, கஸ்டமர்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"மிச்சச் சந்தனம்?"

"டப்பாவோட அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ட்டாங்க. ஏன், உங்களுக்கு வேணுமா?"

அவன் சிரித்தான். தாட்சாயினி சிரிக்கவில்லை. கைபேசியில் பன்னிரண்டு நட்டையும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை பகல் யார் யார் இருந்தாங்க?"

"மூன்றரைக்கு ஹைக்கல் வண்டியை உள்ளே கொண்டாந்து விட்டான். அப்புறம் அவனைப் பூஜை சாமான் வாங்க பினாங்குத் தீவு லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பினேன். மோட்டார்ல ஃபெரி ஏறிப் போய்ட்டு அஞ்சரைக்குத்தான் வந்தான்."

"பட்டர்வொர்த்துல எலுமிச்சம்பழம் கிடைக்காதா?"

"நல்ல சந்தனம் வேணும்ல மேடம். பெரிய கஸ்டமர்."

அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு சகித்த மனிதனுக்குச் சந்தனத்தின் தரத்தில் இத்தனை அக்கறை. தாட்சாயினி அதையும் குறித்துக்கொண்டாள்.

முன் மேசையில் பெவர்லி இருந்தாள். பட்டறையின் கணக்கு, தொலைபேசி, அண்ணனின் சத்தம் எல்லாவற்றையும் தாங்குகிறவள். சனிக்கிழமை அழகு நிலையத்தில் தலைமுடி செய்துகொண்டு ஐந்தரைக்குத்தான் வந்ததாகச் சொன்னாள்.

"கல்யாணம் எப்படி?"

கேட்கக் கூடாததைக் கேட்டாற்போல் அவள் பொங்கிவிட்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க. டின்னர் செட் கிஃப்ட்டு, பெரிய பாக்ஸ், ஈப்போ வரைக்கும் என் மடியில. ரெண்டு மணி நேரம்! பின்பெட்டியத் திறக்கவே மாட்டேன்னுட்டான், லாக் டைட்டாம். கார் முழுக்க ஒரு நாத்தம் வேற, அழுகின முட்டை மாதிரி. என் புது பட்டுச் சேலை பூரா ஏறிடுச்சு. டோபி கடையில மோந்து பார்த்துட்டு, 'மேடம், வொர்க்‌ஷாப்ல கல்யாணமா?'ன்னு கேக்கறான்."

தாட்சாயினிக்குப் பெவர்லியை மட்டும் கொஞ்சம் பிடித்திருந்தது. உண்மை பேசுகிறோம் என்றே தெரியாமல் உண்மை பேசுகிறவர்கள் குறைவு.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2:30.

ஹைக்கலின் மனைவி நூர்ஜான் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். மேசைமேல் அட்டைப் பெட்டியில் புது பாதுகாப்புக் காலணி. அவள் அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"அக்கா, நேத்து மத்தியானம் மூணு மணிக்கே ஃபேக்டரியிலேருந்து போன். 'போலீஸ் கேஸ் கிளியர் பண்ணிட்டு வாங்க, வியாழக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஆள்'ங்கறாங்க. பன்னெண்டு மணிக்குத்தான் புடிச்சாங்க. மூணு மணி நேரத்துல அவங்களுக்கு யாருக்கா சொன்னது? ஒன்றரை வருஷம் அலைஞ்சு வாங்கின வேலை. இது போச்சுன்னா திருடன்ங்கற பேரு மட்டும்தான் மிச்சம்."

"அந்த வண்டிய அவர்தானே ஓட்டிப் பார்த்தாரு? எழுதி வெப்பாரா?"

நூர்ஜான் உள்ளே போய் எண்ணெய்க்கறை படிந்த குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "எங்க போனாலும் மீட்டரு எழுதுவாரு. பைத்தியக்காரப் பழக்கம்னு நானே திட்டியிருக்கேன். டோலுக்கு டோல் எழுதுவாரு."

தாட்சாயினி பக்கங்களைப் புரட்டினாள். புது கியர் போடுவதற்கு முன் ஒரு நாள்: பத்து காவான் டோல் 38,410, தீவுக்குப் போகும் இரண்டாம் பாலம் தாண்டி பத்து மாவுங் ஊர்ச் சிக்னல் 38,434. கியர் போட்ட பிறகு ஒரு நாள், அதே டோல் 40,122. அதே சிக்னல் 40,152. அதற்குப் பிறகு இன்னும் நான்கு நாள் அப்படியே எழுதி, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டிருந்தான்.

"வேற ஏதாவது சொல்லுவாரா வண்டியப் பத்தி?"

"பாலத்துல எண்பதுலதான் போறேன், மண்ணு லோரி எல்லாம் என்னைத் தாண்டிப் போவுதும்பாரு. அவமானமா இருக்கும்பாரு. போன மாசம் தவுக்கேவுக்கே வாட்ஸ்அப் போட்டாரு, ஏதோ சரியில்லைன்னு. வண்டி முதலாளி ஸ்ரீகரன் தவுக்கேவுக்கு. திரும்பி ஒரே ஒரு சிரிப்புப் படம் வந்துச்சு."

தாட்சாயினி குறிப்புப் புத்தகத்தை மூடினாள். படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பார்க்காததை, எட்டாவதோடு நின்றவன் ஒரு கிழிந்த புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"புத்தகம் என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் தருவேன்."

புதன்கிழமை, காலை 11:00.

இன்ஸ்பெக்டர் ஃபாத்தின் முப்பது வயதுக்காரி. வீண் பேச்சு பேசாதவள். தாட்சாயினி காலையிலேயே அவளிடம் அரை மணி நேரம் பேசியிருந்தாள். அதனால்தான் ஹைக்கலை விலங்கோடு பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். லாக்கப் சட்டையில் அவன் இன்னும் மெலிந்து தெரிந்தான். மார்க், பெவர்லி, ஸ்ரீகரன், நிலானி நால்வரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தாட்சா, சீக்கிரம் முடிம்மா," என்றார் ஸ்ரீகரன். அவள் அப்பா வழியில் ஏதோ தூரத்து உறவு. அந்த உரிமையில் எல்லா இடத்திலும் அவசரப்படுவார். "திருடன் அங்க நிக்கிறான். கியர் எங்கேன்னு கேட்டா வேலை முடிஞ்சது."

"முடிச்சிடலாம் அண்ணே. முதல்ல நிலானி அக்காகிட்ட ஒரு கேள்வி. சனிக்கிழமை சந்தனம் வெச்சீங்களே, ஞாயித்துக்கிழமை யாராவது திரும்ப வெச்சாங்களா?"

"யார் வெப்பா? டப்பா எங்க சாமி ரூம்ல இருக்கு." நிலானி எழுந்து சக்கரத்தைப் பார்த்தாள். "நான் வெச்சதுதான். மோதிர விரல்ல வெப்பேன், எனக்கு அந்த விரல்ல தழும்பு இருக்கு. பாருங்க, கோடு விழுந்திருக்கு. பன்னெண்டுலயும் அப்படித்தான் இருக்கு."

"நல்லா காய்ஞ்சிருக்கு, இல்லையா? ஒரு நட்டையாவது திருகினா?"

"உதிர்ந்திடாதா?"

தாட்சாயினி ஒரு ஸ்பானரை எடுத்து ஒரே ஒரு நட்டைக் கால் சுற்று திருகினாள். சந்தனம் வெடித்துத் தரையில் விழுந்தது.

"மிஸ்டர் மார்க், நேத்து நீங்களே சொன்னீங்க. பின்சக்கரம் ரெண்டையும் கழட்டாம டிஃப்பை எடுக்கவே முடியாது, ஷார்ட்கட்டே கிடையாதுன்னு. சனிக்கிழமை அஞ்சே முக்காலுக்கு வெச்ச சந்தனம் இன்னிக்கு வரைக்கும் உடையல. அப்படின்னா அதுக்கப்புறம் யாரும் சக்கரத்தைத் தொடல. ஞாயித்துக்கிழமை திருட்டே நடக்கல."

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"நிலானி அக்கா பொட்டு வெச்சப்பவே உள்ளே காலி. அக்கா பூஜை பண்ணினது வெறும் கூட்டுக்கு. மூன்றரைக்கு ஹைக்கல் ஓட்டிக்கிட்டு வந்தப்ப டிஃப் இருந்தது, இல்லைன்னா வண்டி வந்திருக்காது. அஞ்சே முக்காலுக்கு இல்ல. நடுவுல ரெண்டு மணி நேரம். ஹைக்கல் அப்ப பினாங்குத் தீவுல. அவன் பர்ஸ்ல பூஜைக் கடை ரசீது, மணி நாலு இருபத்தஞ்சு. பெவர்லி சலூன்ல. பட்டறையில இருந்தது யார்?"

மார்க் எழுந்தான். "என்ன மேடம் பேசறீங்க! என் சொந்தக் கியரை நானே ஏன் திருடணும்? அது என் வாழ்க்கை! டுவென்டி பர்சன்ட்..."

"உட்காருங்க. அந்த இருபதுக்குத்தான் வர்றேன்." அவள் குரல் உயரவில்லை. அலட்சியம் உயர்ந்த குரலில் வராது. "ரெண்டாம் பாலத்து வழி டோல்லேருந்து பத்து மாவுங் சிக்னலுக்கு எவ்வளவு தூரம் அண்ணே? நீங்க தினம் போறவர்."

"இருபத்தி நாலு."

"இந்த வண்டி மீட்டர்லயும் முன்னாடி இருபத்தி நாலுதான். புதுக் கியர் போட்ட பிறகு முப்பது. ஹைக்கல் அஞ்சு தடவை எழுதியிருக்கான். பாலம் ஆறு கிலோமீட்டர் வளர்ந்திடுச்சா?"

ஸ்ரீகரன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"தூரம் கணக்கு எடுக்கிறது டிஃப்புக்கு முன்னாடி. அதாவது சக்கரம் எவ்வளவு ஓடினதுன்னு மீட்டருக்குத் தெரியாது, கம்பி எத்தனை சுத்துச்சுன்னுதான் தெரியும். இவர் சொல்ற மாதிரி இன்ஜின் கம்மியாச் சுத்துற கியரைப் போட்டிருந்தா, மீட்டர் குறைச்சுக் காட்டியிருக்கணும். இருபத்தி ரெண்டுன்னு வெச்சுக்குங்க. கூடிப்போச்சு. அப்படின்னா இவர் போட்டது நேர் எதிர்க் கியர். இன்ஜின் கால் பங்கு அதிகமாச் சுத்தும், மீட்டர் கால் பங்கு அதிகமாப் பேசும். மீட்டர் எண்பது காட்டறப்ப வண்டி அறுபத்தி நாலுலதான் போகும், அதான் மண்ணு லோரி தாண்டிப் போச்சு. லிட்டருக்குப் பன்னெண்டுன்னு காட்டினீங்களே, நிஜத்துல அது ஒன்பது புள்ளி ஆறு. மெதுவா ஊர்ந்தும் பழைய பத்தைவிடக் கம்மி. இருபது சதவீதம் மிச்சம் இல்ல அண்ணே, நாலு சதவீதம் நஷ்டம். அதுக்குத்தான் மாலை போட்டீங்க."

"கல்லூரியில உருளைமேல ஏத்தி ஓட்டினா சக்கரத்தோட நிஜ ஓட்டம் தெரிஞ்சு அஞ்சு நிமிஷத்துல குட்டு உடைஞ்சிருக்கும்," என்று ஃபாத்தின் மலாயில் சேர்த்தாள். "அதனால திங்கட்கிழமைக்கு முன்னால அது காணாமல் போக வேண்டியிருந்தது."

"திருடு போனா அவமானம் இல்ல, அனுதாபம்," என்றாள் தாட்சாயினி. "இன்சூரன்ஸும் கிடைக்கும். ஸ்ரீ அண்ணே அடுத்த செட்டுக்குக் காத்திருப்பாரு. பழியைத் தூக்கிச் சுமக்க வேலையை விட்டுப் போற ஒருத்தன். குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதை."

"ப்ரூஃப் எங்கே?" மார்க்கின் குரல் கீச்சிட்டது. "பொட்டை வெச்சும் நோட்டுப் புத்தகத்தை வெச்சும் என்னைப் புடிப்பீங்களா?"

தாட்சாயினி பெவர்லியின் பக்கம் திரும்பினாள். "அழுகின முட்டை நாத்தம்னு சொன்னீங்களே. நீங்க வொர்க்‌ஷாப்லயே இருக்கிறவங்க. யோசிச்சுப் பாருங்க, அது என்ன வாசனை?"

பெவர்லி அண்ணனைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கண்கள் நிறைந்தன.

"கியர் ஆயில்," என்றாள்.

ஃபாத்தின் கையை நீட்டினாள். மார்க் கார் சாவியைக் கொடுத்தான். பின்பெட்டி எந்தத் தொல்லையும் இல்லாமல் திறந்துகொண்டது. விரிப்பு முழுவதும் கறுப்பாக ஊறிப்போயிருந்தது. பெவர்லி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கே?" என்றாள் ஃபாத்தின்.

"ஈப்போவுல. பழைய ஈயச் சுரங்கத்து லம்பக் குளத்துல." மார்க் தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு, யாரும் கேட்காமலே, "கொஞ்சம் டைம் கிடைச்சிருந்தா நிஜமாவே செஞ்சிருப்பேன்," என்றான்.

ஹைக்கலின் விலங்கைக் கழற்றினார்கள். அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்ரீகரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "என்னையே ஏமாத்திட்டானே. சரி தாட்சா, ஒண்ணு கேக்கறேன். சரியான கியரைப் போட்டா நிஜமா எவ்வளவு மிச்சம் வரும்?"

தாட்சாயினிக்கு அந்த நிமிடம் மார்க்கைவிட இந்த மனிதர்மேல்தான் அதிகம் வெறுப்பு வந்தது. மார்க் தெரிந்து பொய் சொன்னவன். இவர் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டவர்.

"அண்ணே, போனைக் குடுங்க. போன மாசம் ஹைக்கல் அனுப்பின மெசேஜைப் பார்க்கணும்."

அவர் தயங்கினார். ஃபாத்தின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தார். 'தவுக்கே, பாலம் 24 கிமீ. மீட்டர் 30 காட்டுது. பாஸ் கேக்க மாட்டறாரு. ஏதோ சரியில்ல. பாருங்க.' அதன் கீழே ஸ்ரீகரன் போட்ட சிரிப்பு முகம். அதே செய்தியை அடுத்த நிமிடமே அவர் மார்க்குக்குத் தள்ளிவிட்டிருந்தார்: 'உன் ஆளு பாலத்தை அளக்கிறான் ஹாஹா.'

தாட்சாயினி அதைச் சத்தமாகப் படித்தாள்.

"கையில கொண்டாந்து குடுத்தான். வாசிச்சுப் பார்க்காம சிரிச்சீங்க. அதோட விடாம ஏமாத்துறவன்கிட்டயே காட்டிக் குடுத்தீங்க. அன்னிக்குத்தான் ஹைக்கலை மாட்டணும்னு இவன் முடிவு பண்ணினான். அடுத்த கேள்வி. திங்கட்கிழமை மத்தியானம் ஃபேக்டரிக்குப் போன் போட்டது யாரு?"

ஸ்ரீகரன் மனைவியைப் பார்த்தார். நிலானி வேறு பக்கம் பார்த்தாள்.

"அந்த எச்.ஆர். காமாரியா எனக்குத் தெரிஞ்சவ. நம்ம வண்டிதான் அங்க ஓடுது. ஒரு எச்சரிக்கைக்கு, நல்லெண்ணத்துல..." என்று இழுத்தார் ஸ்ரீகரன்.

"அதே நல்லெண்ணத்துல இப்ப போடுங்க. இங்கேயே. ஸ்பீக்கர்ல."

"இப்பவா? இவங்க எல்லாம் முன்னாலயா?"

"அவன் பேரைக் கெடுக்கறப்ப ஆள் பார்த்தா கெடுத்தீங்க?"

மணி 12:20. நாற்பது வண்டிக்கு முதலாளி எண்களைத் தப்பாக அழுத்தினார், மறுபடி அழுத்தினார். மறுமுனையில் காமாரியாவின் குரல் கேட்டது. அவர் மலாயில் ஆரம்பித்துத் தடுமாறினார். தப்பான தகவல் என்றார். தாட்சாயினி தலையை அசைத்தாள், போதாது. யாரோ சொன்னதாக என்றார். போதாது.

"நான் சொன்னது தப்பு," என்றார் ஸ்ரீகரன். "ஹைக்கல் திருடல. அவர் முன்னாடியே உண்மையைச் சொன்னாரு. நான்தான் கேக்கல."

ஃபாத்தின் குனிந்து தன் பெயரையும் நிலையத்தையும் சொல்லி, கடிதம் சாயங்காலத்துக்குள் வரும் என்றாள்.

"சரி," என்றது போன். "நாளைக்குக் காலை ஏழரைக்கு வரச் சொல்லுங்க. லேட்டா வந்தா நான் பொறுப்பில்ல."

ஸ்ரீகரன் போனை வைத்துவிட்டு, பெரிய மனதோடு, ஹைக்கலின் தோளைத் தட்டக் கையை நீட்டினார். "தம்பி, அங்க எதுக்குப் போற? இந்தப் பட்டறையை நானே எடுத்துக்கறேன். நீயே பார்த்துக்க. நல்ல சம்பளம் தர்றேன்லா."

ஹைக்கல் அந்தக் கைக்கு எட்டாமல் ஓர் அடி நகர்ந்தான். இரண்டு நாளில் அவன் முதல்முறையாக வாய் திறந்தான்.

"வேணாம் தவுக்கே. நான் மறுபடி ஏதாச்சும் எழுதி அனுப்புவேன். நீங்க மறுபடி சிரிப்பீங்க."

பிறகு அவன் தாட்சாயினியிடம் போனைக் கேட்டு வாங்கி, நூர்ஜானின் எண்ணை அழுத்தினான்.